ஆளுக்கொரு பேடா

ஜூன் 2, திங்கள்

சர்க்கரை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தின்றதையெல்லாம் தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம், ஒளிக்கக் கூடாதாம். கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, அட்டையில் பம்ப்செட் படத்துடன் பீரோமேல் கிடந்தது. தூசி தட்டி எடுத்தேன். ஜனவரியிலிருந்து மே வரைக்கும் நான் என்ன தின்றேன் என்பது வரலாற்றுக்குக் கிடைக்காமல் போனது போனதுதான்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. சாயங்காலம்: டீ, சர்க்கரை இல்லாமல். கொஞ்சமாக. இரவு: கோதுமை தோசை இரண்டு.

அதுபோக ஒரு பேடா. இதற்கு விளக்கம் தேவை.

எங்கள் கம்பெனியில் யார் டிரெய்னிங் போய் வந்தாலும் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கி வருவது வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இருக்கிறது. மைசூர்பாகு வந்தால் பெங்களூர்ப் பக்கம் போயிருக்கிறார்கள். அல்வா வந்தால் தெற்கே. பேடா வந்தால் வடக்கே, வெகுதூரம். பூகோளத்தை நான் நாக்கால் படித்தவள். இன்றைக்கு மெயின்டனன்ஸ் பிரபாகர் வந்து இறங்கினான், பெட்டியைத் திறந்து வைண்டிங் செக்‌ஷனில் நீட்டினான், ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். வைண்டிங்கில் நாங்கள் எல்லாரும் பெண்கள். எங்களில் ஒருத்தியும் எந்த டிரெய்னிங்குக்கும் எந்த ஊருக்கும் போனதில்லை. ஆனால் எல்லா ஊரையும் தின்றிருக்கிறோம்.

என் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையில் பாதி, கம்பெனி ஆம்பிளைகள் கற்ற கல்வி. இதை டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

இட்லி மூன்று. (நான்கு.)

ரேணுகா இன்றைக்கு சோற்றுப் போசியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, ஆகஸ்டில் ஆட்டோமேட்டிக் வைண்டிங் மெஷின் வருகிறது என்றாள். பேடா கொடுத்தபோது பிரபாகர் வாய்தவறி உளறியிருக்கிறான்.

மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி, அச்சுப்போல அடைப்பது எங்கள் வேலை. அதை அந்த மெஷின் தானே செய்யுமாம். ஓட்டுவதற்கு இரண்டு பேர் போதும். அந்த இரண்டு பேரை மெஷின் செய்கிற புனேக்கு இரண்டு வாரம் டிரெய்னிங் அனுப்புவார்கள். மற்றவர்கள் பேக்கிங் செக்‌ஷன்.

ரேணுகாவுக்கு முப்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாததற்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் எங்கள் பெஞ்சில் கணக்கு சரியாகிவிடும். அவள் நேராகப் போய் சூப்பர்வைசர் கதிர்வேலிடம் கேட்டிருக்கிறாள், எங்கள் பெயரெல்லாம் வருமா என்று. கதிர்வேல் நல்ல பையன். பதறிப்போய், ஏன் வராது, சாயங்கால வகுப்புக்கு வந்த யார் வேண்டுமானாலும் போகலாம் என்றாராம். கேன்டீனுக்குப் பின்னால் ஹாலில் புது மெஷின்கள் பற்றி அவர் வகுப்பு எடுக்கிறார். ஐந்தேகாலுக்கு. ஆம்பிளைகள் எல்லாம் பைக்கில் வருகிறவர்கள், இருந்து படித்துவிட்டுப் போவார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு அன்னூர் போகிற கம்பெனி பஸ் ஐந்து பத்துக்குக் கிளம்பிவிடும்.

யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதிர்வேல் சொன்னதில் துளியும் பொய்யில்லை.

பேக்கிங் ஒன்றும் மோசமில்லை, உட்கார்ந்த இடத்தில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டலாம், என் உடம்புக்கு ஏற்ற உத்தியோகம் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கிறபோதே சிரிக்கத் தயாராகிவிடுகிற கூட்டம் அது. ரேணுகா மட்டும், "நீங்க சித்த சும்மா இருங்க்கா" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

காலை உப்புமா. மிஞ்சியதால் மதியமும் உப்புமா. இதற்குமேல் எழுத மனமில்லை.

ஜூன் 9, திங்கள்

ரேணுகா பர்சனல் ஆபீசர் மோகனரங்கம் சாரைப் பார்க்கப் போனாள். அந்த அறைக்குத் தனியாகப் போகிற பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. துணைக்கு நான்.

சார் எழுந்து நாற்காலி போட்டார். ரேணுகாவின் குழந்தையைப் பற்றி விசாரித்தார், என் சர்க்கரையைப் பற்றி விசாரித்தார். அவரைப்போல மரியாதையான மனிதரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது, அதுதான் தொந்தரவு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெளியூர் டிரெய்னிங் என்றால் இரண்டு பேருக்கு ஒரு ரூம் என்பது கம்பெனி வழக்கம் என்றார். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் போனால் இரண்டு ரூம் போட வேண்டும், அதற்கு இடமில்லை.

"உங்களை வீணா அலையவிடக் கூடாதுன்னுதான்மா நாங்க கேக்கறதே இல்லை" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ரேணுகா யோசித்துவிட்டு, இரண்டு பெண்களாகப் போனால் என்று கேட்டாள். இரண்டு பேரும் வகுப்புக்கு வந்திருந்தால் தாராளமாக, என்றார் சார். உடனே அவரும் ரேணுகாவும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"நான் போனா ரெண்டு கட்டில் பத்தாதுங்க சார். என்ற கொறட்டைக்குத் தனியா ஒண்ணு போடோணும்" என்றேன்.

சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. ரேணுகா எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

இரவு: ராகிக்களி. டாக்டரம்மா சந்தோஷப்படட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ்ஸில் ரேணுகா ஜோடி தேடினாள். ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து எழுந்தாள். ஒருத்திக்கு மாமியார். ஒருத்திக்கு மகளின் பரீட்சை. ஒருத்தி ரயில் என்றாலே வாந்தி எடுப்பாளாம், ரயிலில் இதுவரை ஏறியதில்லை என்றாலும். சரோஜாவின் ஆடு சினையாக இருக்கிறது. அவள் வீட்டுக்காரரைக் கேட்காமல் ஆட்டைக் காரணம் சொன்னதால் எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது.

கடைசியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோவில்பாளையம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவள், நான் இறங்க எழுந்தபோது சொன்னாள்.

"எனக்குத் துணைக்காவது வாங்க்கா."

துணைக்கு என்றால் சரி என்றேன். துணைக்கு மட்டும்தான். இந்த வயதில் எனக்கு மெஷினைக் கற்று ஆவதென்ன.

இவரிடமும் அதையேதான் சொன்னேன். செய்தித்தாளை மடக்காமலே, "பாவம், அந்தப் புள்ளைக்குத் துணைக்குன்னா போயிட்டு வா" என்றார். எங்கள் கல்யாணம் ஆன நாளாக இவர் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. துணை என்ற சொல்லுக்கு இப்படி ஒரு சக்தி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

ஜூன் 12, வியாழன்

வகுப்புதான் சிக்கல். பஸ்ஸை விட்டால் இரண்டு டவுன் பஸ் மாறி வீடு சேர விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிடும். ஒருநாள் முடியும், தினமும் முடியாது. ரேணுகாவின் மாமியாருக்குக் கண் மங்கல், குழந்தையை இருட்டினபிறகு பார்த்துக்கொள்ள முடியாது.

பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி எடுக்கலாமா என்று கதிர்வேலிடம் கேட்டோம். அது டிரான்ஸ்போர்ட் ஆட்கள் பொறுப்பு என்றார். டிரான்ஸ்போர்ட்டில் கேட்டோம். அது மேலே எடுக்கிற முடிவு என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். கையைத் தூக்கிக் காட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன், மின்விசிறி இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை. மாவாட்டினேன். கடலைப்பருப்பு ஒப்பிட்டு (டவுனில் போளி என்பார்கள்) ஒரு சம்படம் நிறையச் சுட்டேன். அதில் நான் தின்றது ஒன்று. மற்றவை எங்கே போயின என்பது டாக்டரம்மாவுக்கு அவசியமில்லை.

எங்கள் பஸ் டிரைவர் தேவராஜண்ணனுக்கு ஒப்பிட்டு என்றால் உயிர். இதைச் சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை.

தேவராஜண்ணன் பானெட்டைத் திறந்து, உள்ளே தலையைவிட்டு, ரொம்ப நேரம் அப்படியே நின்றார். அவர் வேலை செய்கிறாரா தூங்குகிறாரா என்று பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வெயில் இன்னும் தணியவில்லை. பஸ்ஸுக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. எல்லாரும் புலம்பினார்கள். கேன்டீன் ஹாலில் ஃபேன் ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். யார் என்பது முக்கியமில்லை.

ஃபேனுக்காகத்தான் போனோம். அங்கே கதிர்வேல் ஏழெட்டு ஆம்பிளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவர்களில் இரண்டு பேர் கொட்டாவி, ஒருத்தர் போன். பெண்கள் பட்டாளம் உள்ளே நுழைந்ததும் கதிர்வேல் கையில் சாக்பீஸோடு நின்றுவிட்டார். நாங்க பாட்டுக்கு உக்காந்துக்கறோம், நீங்க நடத்துங்க தம்பி, என்றேன்.

வகுப்பு முடிகிற நேரத்துக்கு பஸ் தானாகவே சரியாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடியும் பஸ். பாவம், பழைய வண்டி. பிள்ளைகள் உள்ள பெண்களெல்லாம் நேற்றே வீட்டில் பேச்சு வாங்கியிருக்கிறார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். ரேணுகாவும் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள், ஆனால் முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

சுண்டல் ஒரு கிண்ணம்.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு யாரும் பானெட் திறக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இறங்கி நேராக ஹாலுக்கு நடந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் பிரபாகர் சுவரில் சாய்ந்து நின்றான். சரோஜா, ஆட்டுக்காரி, எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்: நடுவில் கம்பி அறுந்துபோனால் அது அறுந்தது என்று மெஷினுக்குத் தெரியுமா? கதிர்வேலுக்கு முகமெல்லாம் பல். அவர் வகுப்பில் இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லையாம். போர்டில் படம் போட்டு, துடைத்து, மறுபடி போட்டு, ஐந்தே முக்கால்வரை சொன்னார். கம்பி எப்போதும் ஒரே இழுப்பில் இருக்கும், இழுப்பு தளர்ந்தால் மெஷின் நின்றுவிடும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணைக்குத்தானே உட்கார்ந்திருந்தேன். இழுப்பைக் கவனிக்கிற அந்தச் சின்னச் சக்கரத்துக்கு இரண்டு ஸ்பிரிங், மேலே ஒன்று பக்கத்தில் ஒன்று.

ஜூன் 20, வெள்ளி

வெளி மெக்கானிக் வந்து பஸ்ஸைப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். தேவராஜண்ணன், அது சில சமயம் அப்படித்தானுங்க, ராசி, என்றார். ஒரு சிரிப்பில்லை முகத்தில். அவர் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய ஆள்.

மதியம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பஸ்ஸை நம்ப முடியாததாலும் வகுப்பு நடுவே ஆட்கள் வந்து நிறைவதாலும், வகுப்பு இனிமேல் நான்கு மணிக்கு, வேலை நேரத்திலேயே. இத்தனை வருஷமாக அசையாத வகுப்பு ஒரு ஓட்டை பஸ்ஸுக்காக அசைந்தது. எங்களுக்காக என்று கேட்டிருந்தால் மின்விசிறியைக் காட்டியிருப்பார்கள்.

அவல். பாதாம் நான்கு.

ஜூன் 27, வெள்ளி

பெயர் வந்துவிட்டது. ரேணுகாதேவி, வசந்தாமணி. ஜூலை ஆறு ஞாயிறு காலை ரயில். நாங்கள் இரண்டு பேர், ஒரு ரூம்.

ரேணுகா சந்தோஷத்தைக் காட்டத் தெரியாதவள். கம்பி சுற்றும்போது ஏதாவது பாட்டை முனகுவாள், அவ்வளவுதான். இன்றைக்கு நாள் முழுக்க முனகினாள்.

ஜூன் 29, ஞாயிறு

ரேணுகாவுக்குத் துணையாகக் காந்திபுரம் கடைக்குப் போனேன். அவள் ஒரு பை வாங்கினாள். தள்ளுபடி என்பதால் நானும் ஒன்று. உருட்டிக்கொண்டு போகிற மாதிரி, சக்கரம் வைத்தது.

கதிர்வேல் மெஷின் வீடியோ ஒன்றை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். போனில் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க அதைப் போட்டுப் பார்த்தேன். தோசை சுடும்போது மாவுப் போசியில் சாய்த்து வைத்தால் நன்றாகத் தெரிகிறது. தோசை எத்தனை என்று எண்ணவில்லை. இரண்டு தீய்ந்தது, அதை நான்தான் தின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

ரேணுகாவின் மாமியாருக்குக் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம். நெடுநாள் காத்திருந்து கிடைத்த தேதி, தள்ளினால் மறுபடி எப்போதோ. சொட்டு மருந்து விட வேண்டும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

"உங்கூட்டுக்காரர் லீவு போட்டா?" என்றேன்.

ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல ஏதோ வேடிக்கை பேசுவதாக நினைத்து, சிரிக்கப் பார்த்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். "அவருகிட்ட யாரும் கேக்கலைங்க்கா. எனக்கும் கேக்கத் தோணலை" என்றாள். வீட்டில் எல்லாருமாக ஆபரேஷன் பற்றிப் பேசியபோது ரேணுகா இருப்பாள் என்பது பேச்சுக்கே வராமல் முடிவாகிவிட்டதாம். அவரும் கெட்டவர் இல்லை. புனேக்கு அடுத்த தடவை போய்க்கலாம் என்று தலையைத் தடவிச் சொன்னாராம்.

அடுத்த தடவை எது? மெஷின் ஒன்றுதான் வருகிறது.

இரவு எதுவும் சாப்பிடவில்லை. இவர் கேட்டதற்கு, டாக்டர் சொன்னார் என்றேன்.

ஜூலை 2, புதன்

மோகனரங்கம் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை துணைக்கு யாரும் இல்லை. பிரபாகரையும் இன்னொரு பையனையும் அனுப்ப எழுதி முடித்துவிட்டிருந்தார், கையெழுத்துதான் பாக்கி.

"நீங்க ரேணுகாவுக்காகத்தானே ஒத்துக்கிட்டீங்க. தப்பிச்சீங்க போங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். எழுந்தேன். கதவுவரை போனேன். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றேன் போலிருக்கிறது, ஏனென்றால் சார் என்னவென்று கேட்டார்.

"நான் போறனுங்க சார். புனேக்கு."

சார் முகத்தில் சிரிப்பு தயாரானது. மீதியைச் சொல்வேன் என்று காத்திருந்தார். அவர்மேல் தப்பில்லை, நான் சொல்வதற்கு எப்போதும் ஒரு மீதி இருக்கும். இன்றைக்கும் இருந்தது, குறட்டையைவிட நல்ல வேடிக்கை, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். டாக்டரம்மா குறித்துக்கொள்ளலாம், இன்றைக்கு நான் விழுங்கியதிலேயே கடினமானது அதுதான்.

சிரிப்பு மெல்ல இறங்கியது. "நெசமாவாம்மா?"

"நெசமாத்தானுங்க. வகுப்புக்கு ஒரு நாள் விடாம வந்திருக்கறன். கதிர்வேல் தம்பியக் கேளுங்க."

ஜோடி இல்லையே, ரூம் எப்படி, என்று தயங்கினார். நான் போகாமல் நின்றேன். அவர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். வைத்தார். நானும் பிரபாகரும், இரண்டு ரூம், என்றார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானுங்களா சார்?"

"இதுவரைக்கும் யாரும் கேக்கலியேம்மா" என்றார். அதையும் மனதாரத்தான் சொன்னார்.

பஸ்ஸில் வழி முழுக்க அந்தப் பதில் என் மடியில் உட்கார்ந்து வந்தது. யாரும் கேட்கவில்லையா? ரேணுகா கேட்டாளே. இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அப்போது அந்தப் போன் அங்கேதான் இருந்தது. பக்கத்தில் நான் இருந்தேன், குறட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு.

ஜூலை 3, வியாழன்

இவரிடம் சொல்ல வேண்டும். துணைக்கு என்று வாங்கிய சம்மதம், துணைக்கு ஆள் இல்லாதபோது செல்லுமா செல்லாதா என்று குழப்பம். சோறு போட்டுவிட்டு, ரேணுகா வரலை, என்றேன். இவர் பிசைந்துகொண்டே, "அப்ப நீ?" என்றார். ரசத்தை எடுத்து ஊற்றினேன், குழம்பின்மேலேயே.

அதை அப்படியே பிசைந்து ஒரு வாய் தின்றார். "துணைக்குத் துணைக்குன்னு எங்கிட்ட எதுக்குடி சொன்னே. தோசை கருகறதுகூடத் தெரியாம அந்த வீடியோவப் பாத்துட்டு நின்னியே, அது யாருக்குத் துணைக்கு?"

இவர் தொடர்ந்து சாப்பிட்டார். கடைசியில், குக்கருக்கு எத்தனை விசில் என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். பருப்புக்கும் மூன்றா என்றார். கையைக் கழுவிவிட்டு, எதற்கும் ஒருதரம் செய்து காட்டு என்றார்.

சோறு, ரசம், குழம்பு. இரண்டையும் கலந்து. அவ்வளவு மோசமில்லை.

ஜூலை 5, சனி

வழியனுப்பு விழா மாதிரி ஆகிவிட்டது. மெயின்டனன்ஸிலிருந்து, லேத்திலிருந்து, ஸ்டோர்ஸிலிருந்து ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராக வந்து, பேடாவை மறந்துடாதீங்க்கா, என்றார்கள். வாங்கி வருகிறேன், ஆளுக்கொன்றுதான், இரண்டாவது கேட்டால் கையில் அடிப்பேன் என்றேன். சரோஜாவின் ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டதாம். அடுத்தமுறை என்றால் தானும் வருவதாக, யாரும் கேட்காமலே சொன்னாள்.

பஸ்ஸில் ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்தேன். "போக இருந்தவ பஸ்ல. துணைக்கு வந்தவங்க ரயில்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்படிச் சிரித்துக்கொண்டே சொல்வது என் தொழில். எதிரில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மன்னிச்சுக்கோ என்று சொல்ல ஆரம்பித்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து ஒரு சங்கிலியும் பூட்டும் எடுத்துக் கொடுத்தாள். ரயிலில் பையைக் கட்டி வைக்க, அவளுக்காக வாங்கியது.

"ஒண்ணு மட்டும் சொல்றன்க்கா. எனக்குப் பேடா வாங்கிட்டு வந்துடாதீங்க."

வேறு என்ன வேண்டும் என்றேன்.

"சுவிட்சைப் போடறதுல இருந்து நிறுத்தற வரைக்கும் என்னென்ன பண்ணுனாங்கன்னு ஒண்ணு விடாம வந்து சொல்லோணும். நடுவுல காமெடி பண்ணக் கூடாது."

கோவில்பாளையத்தில் இறங்கினேன். பஸ் கிளம்பும்போது தேவராஜண்ணன் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.

ஜூலை 6, ஞாயிறு. ரயில்

காலை: இட்லி நான்கு. நான்குதான்.

இவர் ஸ்டேஷன்வரை வந்தார். பையை உருட்டிப் பார்த்துவிட்டு, சக்கரம் நல்லா ஓடுது, என்றார். வண்டி நகர்ந்ததும் பிரபாகர் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டான். அவனுக்கு இது எத்தனையாவது பயணமோ. நான் ஜன்னலை விடவில்லை. திருப்பூர் தாண்டும்போதே கையெல்லாம் ஜன்னல் கம்பி அழுக்கு.

ஈரோட்டில் என் வயதுள்ள அம்மா ஒருவர் ஏறினார். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம், போகிறாராம். ஒரு கூடை நிறையப் பிரசவ மருந்துச் சாமான். எங்கே போகிறேன் என்று கேட்டார், புனே என்றேன். அவ்வளவு தூரமா என்றார். பிறகு இயல்பாக, "யாருக்குத் துணையாப் போறீங்?" என்றார்.

ஒரு நிமிஷம் நிஜமாகவே பதில் தேடினேன்.

"ஒருத்தருக்கும் இல்லீங். படிக்கப் போறன்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. கூடையை நகர்த்தி எனக்குக் கால் நீட்ட இடம் விட்டார். ஒரு சுக்கு உருண்டை கொடுத்தார். வெல்லம் போட்டது. எழுதிவிட்டேன், டாக்டரம்மா.

ஜூலை 8, செவ்வாய். புனே

நேற்று வந்து இறங்கினோம். இன்றைக்குக் காலை முழுக்கப் பாடம், இந்தியில். சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. பிரபாகருக்கு இரண்டும் அரைகுறை. கதிர்வேல் போர்டில் போட்ட படம் நினைவில் இருந்ததால் கையைக் காலை ஆட்டிச் சமாளித்தோம். ஆளுக்கொரு டீஷர்ட் கொடுத்தார்கள். ஆம்பிளை அளவு மட்டும்தான் இருந்தது. சுடிதார்மேல் போட்டுக்கொண்டு, துணி போர்த்திய பம்ப்செட் மாதிரி நின்றேன். இதை ரேணுகாவிடம் சொல்லக் கூடாது, காமெடி.

மதியம் மெஷினைத் தொட்டேன்.

முதலில் பின்பக்கம் பெரிய சுவிட்ச். பிறகு காற்றுக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முள் பச்சைக் கோட்டில் நிற்க வேண்டும். கம்பி உருளையிலிருந்து இழுத்து முதல் வளையம், இரண்டாவது வளையம், அப்புறம் இழுப்புச் சக்கரம். ரேணுகா, இந்த இடத்தில் கம்பியை மேலிருந்து கீழாகத்தான் விட வேண்டும், பக்கவாட்டில் விட்டால் நழுவுகிறது. எனக்கு இரண்டு தடவை நழுவியது. கண்ணாடிக் கதவை மூடாமல் பச்சைப் பட்டனை அமுக்கினால் ஓடாது. முதல் தடவை நான் கதவை மூடவில்லை. இரண்டாவது தடவை ஓடியது. நாம் ஒரு கம்பிச் சுருள் சுற்றுகிற நேரத்தில் அது ஒரு மோட்டாரையே முடித்துவிடும் என்று நினைக்கிறேன், அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை, நாளைக்குப் பார்த்து எழுதுகிறேன். நடுவில் கம்பி அறுந்தது. சரோஜாவிடம் சொல், அதற்குத் தெரிகிறது. உடனே நின்றுவிட்டது, சிவப்பு விளக்கு, குருவி மாதிரி ஒரு சத்தம். அப்போது பயப்படக் கூடாது. முதலில் மஞ்சள் பட்டன், அப்புறம் கதவு. முடிச்சுப் போடக் கூடாது, அந்தச் சுருளை எடுத்துப் போட்டுவிட்டு முதல் வளையத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும். நிறுத்தும்போது இதே வரிசை, கடைசியிலிருந்து ஆரம்பித்து.

பக்கம் தீர்ந்துவிட்டது. மீதியை ஜூலை ஒன்பதில் எழுதுகிறேன்.

சாப்பிட்டது: என்னமோ சாப்பிட்டேன். நினைவில்லை.